உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டி வரும் மூட்டைகள்

பக்கத்து நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றால் கார், ஜவுளி, மருந்து என்றுதான் செய்தி வரும். மக்காச்சோளமும் மிளகும் வெங்காயமும் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒதுங்கிவிடும். இந்த வாரத் துணுக்குகள் அந்த ஒரு வரியைப் பற்றியவை. மெக்சிகோவுக்கு இதில் இடம் அதிகம். பணக்காரப் பக்கத்து நாட்டோடு ஒரு விவசாய நாடு ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பதை அதைப்போல நீண்ட காலம் அனுபவித்துப் பார்த்த நாடு குறைவு.

மெக்சிகோ – அமெரிக்கா – கனடா

● ஒரு வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அன்றே அதை எதிர்த்து ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது தெரியுமா? நாள்: 1994 ஜனவரி 1. ஒப்பந்தம்: அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த நாஃப்டா. புத்தாண்டு விடிவதற்குள் மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில் மாயா இனப் பழங்குடி விவசாயிகள் முகமூடியும் துப்பாக்கியுமாக இறங்கி, சான் கிறிஸ்டோபல் உள்ளிட்ட ஊர்களைக் கைப்பற்றினார்கள். நாஃப்டா என்பது பழங்குடிகளுக்கு எழுதப்பட்ட மரண தண்டனை என்பது அந்த சப்பாத்தா இயக்கத்தின் வாதம். ஜனவரி 12-ல் அரசு போர்நிறுத்தம் அறிவித்தது. இயக்கம் அதன்பிறகும் நீடித்தது.

● அந்தக் கோபத்தின் வேர் சுங்க வரியில் இல்லை, நிலத்தில் இருந்தது. புரட்சிக்குப் பிறகு 1917-ல் எழுதப்பட்ட மெக்சிகோ அரசியல் சாசனத்தின் 27-ஆம் பிரிவு, பெரும் பண்ணைகளை உடைத்து நிலமற்ற ஊர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. அப்படிக் கிடைத்த ஊர்ப்பொது நிலத்துக்கு ‘எஹீதோ’ என்று பெயர். உழுது சாப்பிடலாம், வாரிசுக்கு விடலாம். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. நாஃப்டா பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 1992-ல் அதிபர் சலினாஸ் இந்தப் பிரிவைத் திருத்தினார். நிலப் பங்கீடு முடிந்தது என்றார். எஹீதோ நிலத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் வழி செய்தார். நிலம் கேட்டு மனுப் போட்டுக் காத்திருந்த சியாபாஸ் குடும்பங்களுக்கு இனி மனுப் போட இடமே இல்லை என்று ஆனது. ஒப்பந்தத்தின் தாளில் இந்தத் திருத்தம் ஒரு வரியாகக்கூட இருக்காது. ஆனாலும் அதன் முதல் பக்கம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

● 215 சதவீதம். நாஃப்டாவில் மக்காச்சோளத்துக்கு மெக்சிகோ வாங்கி வைத்திருந்த பாதுகாப்பு அது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் வரை அமெரிக்கச் சோளம் வரியில்லாமல் வரலாம். அதற்கு மேல் வந்தால் தொடக்கத்தில் 215 சதவீத வரி. இந்த வரி படிப்படியாகக் குறைந்து 15 ஆண்டில், அதாவது 2008-ல், பூஜ்யமாக வேண்டும். சிறு விவசாயி வேறு பயிருக்கு மாற, பாசன வசதி தேட, பிள்ளைகளைப் படிக்க வைக்க அந்த 15 ஆண்டு போதும் என்பது கணக்கு. நடந்தது என்ன? ஒதுக்கீட்டுக்கு மேல் கப்பல் கப்பலாக வந்தபோதும் மெக்சிகோ அரசே பெரும்பாலும் அந்த வரியை வசூலிக்கவில்லை. கோழிப் பண்ணைக்கும் பன்றிப் பண்ணைக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் மலிவுச் சோளம் வேண்டியிருந்தது. 1994 கடைசியில் பெசோ சரிந்த பிறகு நகரத்து விலைவாசி என்ற பயமும் இருந்தது. பதினைந்து வருட அவகாசம் ஓரிரு வருடத்தில் கரைந்துபோயிற்று. அமெரிக்கா ஏமாற்றியது என்று மட்டும் சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

● மக்காச்சோளம் பிறந்த மண்ணே மெக்சிகோதான். பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ‘தியோசின்தே’ என்ற காட்டுப்புல்லைப் பழக்கி எடுத்த பயிர் அது. இன்றைக்கும் 59 நாட்டு இனங்கள் அங்கே கணக்கில் இருக்கின்றன. மலைச் சரிவு வயல்களில் மக்காச்சோளம், அதன் தண்டைப் பற்றி ஏறும் பீன்ஸ், தரையை மூடும் பூசணி என்று மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். அந்த முறைக்கு ‘மில்பா’ என்று பெயர்.

● டோர்ட்டியா என்ற ரொட்டி சுடுவது வெள்ளைச் சோளத்தில். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குவதில் பெரும்பகுதி மஞ்சள் சோளம். அது கால்நடைத் தீவனத்துக்கும் ஆலைக்கும் போகும். ‘அது வேறு, இது வேறு, நம் விவசாயிக்கு ஒன்றும் ஆகாது’ என்று அன்றைக்கு அதிகாரிகள் தேறுதல் சொன்னார்கள். ஆனால் மஞ்சள் மலிந்தால் வெள்ளையின் விலையும் இறங்கத்தான் செய்யும்.

● அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் டிமதி வைஸ் ஒரு கணக்குப் போட்டார். 1997 முதல் 2005 வரை அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோவுக்குச் சராசரியாக அடக்க விலையைவிட 19 சதவீதம் குறைவாக விற்கப்பட்டது. இதனால் மெக்சிகோ சோள விவசாயிகளுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 660 கோடி டாலர். அடக்க விலைக்குக் கீழே விற்றும் அமெரிக்காவின் அயோவா விவசாயி நொடித்துப்போகவில்லையே, எப்படி? விலை விழுந்தால் கைகொடுக்க அரசு மானியம் இருந்தது. 1996-ல் வந்த அமெரிக்க விவசாயச் சட்டம், நிலத்தைத் தரிசு போடச் சொல்லும் பழைய கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. விளைச்சல் பெருகியது, விலை சரிந்தது, சரிவை ஈடுகட்ட அரசு பணம் கொட்டியது. ஒப்பந்தம் சுங்க வரியைத் தொட்டது. இந்த மானியத்தை அது தொடவே இல்லை.

● ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவுக்குப் பிறகும் மெக்சிகோவின் மக்காச்சோள உற்பத்தி குறையவில்லை. 1990-களில் ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டன்னாக இருந்தது, பின்னாளில் 2.5 கோடி டன்னையும் தாண்டியது. நாஃப்டா ஆதரவாளர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் நீட்டுவார்கள். எண் சரிதான், யார் விளைவித்தார்கள் என்று பார்க்க வேண்டும். வடமேற்கில் சினலோவா மாநிலத்தின் பாசன வயல்கள் பெரிய அளவில் சோளத்துக்கு மாறின. அரசின் சந்தை உதவிப் பணமும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. தெற்கே ஓஹாகாவிலும் சியாபாஸிலும் மானாவாரி விவசாயி எக்டேருக்கு 2 டன் எடுத்தாலே பெரிது. அவர் விற்பதைக் குறைத்துக்கொண்டார். வீட்டுச் சாப்பாட்டுக்காக விதைப்பதை மட்டும் விடவில்லை. இறக்குமதியோ இன்று ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கும் மேல்.

● நம் ஊர் உணவுக் கழகம் போல மெக்சிகோவில் ‘கொனாசுப்போ’ என்று ஓர் அரசு நிறுவனம் இருந்தது. உத்தரவாத விலைக்குத் தானியம் வாங்கும், கிராமத்தில் கடை நடத்தும், நகரத்தில் டோர்ட்டியா விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். 1999-ல் அதை மூடினார்கள். ஒப்பந்தம் கேட்டா மூடினார்கள்? இல்லை. அதே காலத்துச் சிந்தனையில், உள்நாட்டு முடிவாகவே மூடினார்கள். ஈடாக ‘புரோகாம்போ’ என்ற திட்டத்தில் எக்டேருக்கு இவ்வளவு என்று ரொக்கம் கொடுத்தார்கள். எக்டேர் கணக்கு என்றால் யாருக்கு அதிகம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

● மெக்சிகோ விவசாயத்தில் வேலை பார்த்தவர்கள் 1990-களின் தொடக்கத்தில் 81 லட்சம். 2008-ல் 58 லட்சம். காய்கறி, பழ ஏற்றுமதியில் புது வேலைகள் வந்தன என்பது உண்மை. அவற்றில் பல அறுவடைக் காலக் கூலி வேலைகள். தெற்கே சோளம் விதைத்த குடும்பங்களின் பிள்ளைகள் வடக்கே பஸ் ஏறி, தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் பறிக்கப் போனார்கள். அவர்கள் 2015 மார்ச்சில் பாஹா கலிஃபோர்னியாவின் சான் கின்டின் பள்ளத்தாக்கில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் பழத்தின் பின்கதை பலருக்கு முதன்முறையாகத் தெரிந்தது. இன்னும் வடக்கே போனவர்கள் எல்லையையே தாண்டினார்கள். நாஃப்டா வந்தால் ஆட்கள் வர மாட்டார்கள், பொருள்தான் வரும் என்று ஒப்பந்தத்தை விற்றவர்கள் இரு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

● நாடாளுமன்றத்துக்குள் குதிரை! 2002 டிசம்பரில் மெக்சிகோ விவசாயிகள் குதிரை மேலேயே கீழவைக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். 2003 ஜனவரியில் பல பண்டங்களின் வரி நீங்க இருந்த நேரம் அது. ‘கிராமம் இனி தாங்காது’ என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 2003 ஏப்ரலில் அரசு அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நாஃப்டாவின் விவசாயப் பகுதியை மறுபடி பேச வேண்டும் என்ற அவர்களது முக்கியக் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

● மலிவுச் சோளம் என்றைக்கும் மலிவாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அமெரிக்கா சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கத் தொடங்கியதும் விலை ஏறியது; 2007 ஜனவரியில் மெக்சிகோவில் டோர்ட்டியா விலை எகிறியது. பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத அதிபர் கால்டெரோன், கிலோ 8.50 பெசோ என்று வணிகர்களோடு உடன்பாடு போட வேண்டியதாயிற்று. அந்த மாதக் கடைசியில் தலைநகரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். இதில் பதுக்கலுக்கும் பெரும் மாவு நிறுவனங்களின் சந்தைப் பிடிக்கும் பங்கு உண்டு என்று பேசப்பட்டது. அதைத் தட்டிக் கேட்க கொனாசுப்போ இல்லை.

● இப்போது எதிர்ப்பக்கத்துக் கதை. கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைய 1914-ல் தடை. காரணம் கொட்டையைத் துளைக்கும் வண்டு. அந்தத் தடை தளர 83 ஆண்டு ஆயிற்று. நாஃப்டா வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1997-ல், வடகிழக்கில் 19 மாநிலங்களுக்கு மட்டும், அதுவும் குளிர் மாதங்களில் மட்டும் அனுமதித்தார்கள். எல்லா மாநிலங்களும் திறந்தது 2007-ல். இன்று அமெரிக்கர் தின்னும் அவகாடோவில் பெரும்பகுதி மெக்சிகோவினுடையது. வரி பூஜ்யம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், பூச்சி, நோய், சான்றிதழ் என்ற இன்னொரு கதவு பூட்டியே இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

● அந்த அவகாடோ மிச்சோவகான் மாநிலத்து மலை ஊர்களைப் பணக்கார ஊர்களாக்கியது. கூடவே பைன் காடுகள் தோப்பாக மாறின. கப்பம் கேட்டு ஆயுதக் கும்பல்கள் வந்தன. தன்சித்தரோ என்ற ஊரில் விவசாயிகள் செலவில் பங்கு போட்டுச் சொந்தக் காவல் படையே வைத்துக்கொண்டார்கள். 2022 பிப்ரவரியில் அமெரிக்கச் சோதனை அதிகாரி ஒருவருக்கு மிரட்டல் வந்ததும் அமெரிக்கா இறக்குமதியைச் சுமார் ஒரு வாரம் நிறுத்திவைத்தது. ஒரு தொலைபேசி மிரட்டலில் ஒரு மாவட்டத்தின் கூலி நின்றது. ஒரே பயிர், ஒரே வாங்குபவர் என்று ஆகிவிட்டால் வளத்துக்குள்ளும் இந்த ஆபத்து உட்கார்ந்திருக்கும்.

● தக்காளிக்குத் ‘தடையற்ற’ வர்த்தகம் பெயரளவில்தான். ஃபுளோரிடா விவசாயிகள் புகார் கொடுக்க, 1996-லேயே மெக்சிகோ தக்காளிக்குக் குறைந்தபட்ச விலை வைத்து ஒரு தனி உடன்பாடு போட்டார்கள். பலமுறை புதுப்பித்தார்கள். 2025 ஜூலை 14-ல் அமெரிக்கா அதிலிருந்து விலகி, 17 சதவீதத்துக்குச் சற்று மேல் வரி போட்டுவிட்டது.

● சண்டை ஒரு பக்கம் மட்டுமில்லை. அமெரிக்கச் சோளச் சர்க்கரைப் பாகு வந்து கரும்பு விவசாயியைக் கெடுக்கிறது என்று, கரும்புச் சர்க்கரை அல்லாத இனிப்பு சேர்த்த குளிர்பானங்களுக்கு மெக்சிகோ 2002-ல் 20 சதவீத வரி போட்டது. உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போய், மெக்சிகோ தோற்றது.

● மூன்று பேர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கனடா என்ன செய்தது? பால், கோழி, முட்டை மூன்றையும் வெளியே வைத்துக்கொண்டது. அங்கே எவ்வளவு பால் கறக்கலாம் என்பதற்கே பண்ணைக்குப் பண்ணை ஒதுக்கீடு உண்டு. ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் வெளிநாட்டுப் பாலுக்கு 200 சதவீதத்தைத் தாண்டும் வரி. 2020 ஜூலை 1-ல் நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த புதிய ஒப்பந்தத்தில் பால் சந்தையில் சுமார் 3.6 சதவீதத்தை மட்டும் திறந்தது. இனி எந்த ஒப்பந்தத்திலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2025 ஜூனில் சட்டமே இயற்றிவிட்டது. கனடாவில் பால் விலை அதிகம் என்று அங்கேயே முணுமுணுப்பு உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எதைக் காப்பது என்று தெரிந்து உட்கார்ந்த நாடு அது. மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் பக்கத்து வீடு ஒன்றேதான்.

● புதிய ஒப்பந்தத்திலும் சோளம் விடவில்லை. டோர்ட்டியாவுக்கான மாவில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் கூடாது என்று 2023-ல் மெக்சிகோ ஆணையிட்டது. அமெரிக்கா வழக்காடியது, அறிவியல் ஆதாரம் போதாது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பாயம் அமெரிக்காவுக்குச் சாதகமாகச் சொன்னது. மெக்சிகோ இறக்குமதிக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. அதோடு நிற்காமல், தன் மண்ணில் அந்த விதையை விதைக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டது. வாங்கலாம், விதைக்கக் கூடாது!

வேறு இரண்டு எல்லைகள்

● 2003 அக்டோபர் 1-ல் சீனாவும் தாய்லாந்தும் காய்கறி, பழங்களுக்கு வரியை நீக்கின. லாங்கன் பழத் தோப்புக்காரர்கள் மகிழ்ந்தார்கள். சியாங் மாய் பக்கத்துப் பூண்டு விவசாயிகளுக்கு அடி விழுந்தது. சீனப் பூண்டின் விலையோடு போட்டியிட முடியவில்லை. பூண்டைக் கைவிட்டு வேறு பயிருக்கு மாற தாய்லாந்து அரசே பணம் கொடுத்தது.

● பணக்கார நாட்டு விவசாயியும் தெருவுக்கு வருவார். ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைன் பண்டங்களுக்கு மிச்சமிருந்த வரிகளையும் ஒதுக்கீடுகளையும் நிறுத்திவைத்தது. வேறு நாடுகளுக்குப் போக வேண்டிய கோதுமையும் சோளமும் பக்கத்திலிருந்த போலந்திலேயே தேங்கின, விலை விழுந்தது. 2023 ஏப்ரலில் போலந்து விவசாய அமைச்சர் ராஜினாமா செய்தார். அடுத்த சில நாளில், உக்ரைனின் உற்ற நண்பனான போலந்தே அதன் தானியத்துக்குத் தடை போட்டது.

நம் பக்கம்

● இந்தியா – இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே நிறுத்தப்படும் பண்டங்களுக்கு ‘எதிர்மறைப் பட்டியல்’ என்று பெயர். இந்தியா அதில் 429 பண்டங்களை வைத்தது, இலங்கை 1,180. இலங்கையின் பட்டியலில் விவசாயப் பொருட்களுக்கு நிறைய இடம். சின்ன நாடு பெரிய பட்டியல் வைக்கட்டும் என்று பெரிய நாடு ஒப்புக்கொண்டது நியாயமான ஏற்பாடு. நாஃப்டாவில் மெக்சிகோ சோளத்துக்கு இப்படி ஒரு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கலாம்.

● யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்குத் திறந்த சந்தை என்றால் என்ன என்பது அதற்கு 20 ஆண்டுக்கு முன்பே தெரியும். 1970-க்குப் பிறகு சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. குடாநாட்டில் கல்வீடுகள் எழும்பின. படித்த இளைஞர்கள் வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு குடியேற்றத் திட்டங்களுக்குப் போய் மிளகாய் நட்டார்கள். 1977-ல் ஜெயவர்த்தனா அரசு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிய, விலை படுத்துவிட்டது. இது எந்த நாட்டோடும் போட்ட ஒப்பந்தம் அல்ல, இலங்கையே எடுத்த முடிவு. நுகர்வோருக்கு அது நிம்மதி. வடக்கில் அதே ஆண்டுகளில் வளர்ந்த மற்ற கசப்புகளோடு இந்த நட்டமும் சேர்ந்துகொண்டது.

● இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்கும் தெற்காசிய நாடுகளுக்கிடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகு நேராக வந்தால் 50 சதவீத அளவில் வரி. உலகத்தில் மிளகு அதிகம் விளைவிக்கும் நாடு வியட்நாம். அதன் விலையும் குறைவு. இந்த மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே மீதிக் கதை புரிந்துவிடும். வியட்நாம் மூட்டை கொழும்பு வழியாக இலங்கை முத்திரையோடு வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் கொதித்தார்கள். 2016-ல் கிலோ 700 ரூபாய்க்கு விற்ற மிளகு அடுத்த ஆண்டுக் கடைசியில் 400-ஐ நெருங்கியது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலை போட்டு மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் காப்பிக்கு ஊடுபயிராகச் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியவர்களுக்கும் இந்த விலைதான் விலை.

● இதில் இலங்கை மிளகு விவசாயியை வில்லனாக்குவது தவறு. கலப்படப் பெயரால் முதலில் கெட்டது அவருடைய பெயர். இலங்கை மிளகில் எண்ணெய்ச் சத்து அதிகம்; சாறு எடுக்கும் ஆலைகள் அதைத் தேடி வாங்கும். மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதைத் தடுக்கச் சொல்லி அங்கேயும் விவசாயிகள் போராடினார்கள்.

● பொருள் எந்த நாட்டில் விளைந்தது, அல்லது எவ்வளவு தூரம் அங்கே பதப்பட்டது என்று தீர்மானிப்பதற்குப் பிறப்பிட விதி என்று பெயர். இந்தியா – இலங்கை ஒப்பந்தத்தில் 35 சதவீத மதிப்பு இலங்கையில் சேர்ந்திருந்தால் போதும். டால்டா வகை வனஸ்பதியில் இது வேடிக்கையாக முடிந்தது. இலங்கையில் பனையெண்ணெய் இறக்குமதி வரி குறைவு, இந்தியாவில் அதிகம். இந்திய முதலாளிகளே இலங்கையில் ஆலை வைத்து, அங்கே எண்ணெய் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 2008-ல் இந்தியா கச்சா பனையெண்ணெய் வரியைப் பூஜ்யமாக்கியதும் அந்த வியாபாரத்தின் உயிர் போயிற்று. இலங்கை விவசாயிக்கு இதில் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

● எண்ணெய்ப்பனை விளையாத நேபாளத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு காலம் பனை எண்ணெய் முதலிடம்! இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கச்சா எண்ணெய் வாங்கி, தராய் சமவெளி ஆலைகளில் சுத்திகரித்து, தெற்காசிய ஒப்பந்தச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் இந்தியா கட்டுப்பாடு போட்டது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் வரியை இந்தியா உயர்த்தியதும் சோயா எண்ணெய் அதே வழியில் பெருகியது. மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயிக்காக உயர்த்திய வரி, பிகார் எல்லையில் ஒழுகியது.

● அதே நேபாளம் 1980-கள் வரை அரிசி ஏற்றுமதி செய்த நாடு. இன்று இந்திய அரிசியை நம்பியிருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது காட்மாண்டுவில் விலை ஏறியது. பிறகு நேபாளத்துக்கென்று 95,000 டன் தனியாக ஒதுக்கினார்கள். எல்லை திறந்திருப்பது விற்பவன் திறந்து வைத்திருக்கும் வரைதான்.

● நன்றாக நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: பூட்டான் உருளைக்கிழங்கு. நம் சமவெளியில் உருளை அறுவடை குளிர்காலம் முடியும்போது. பூட்டான் மலைகளில் மழைக்காலத்தை ஒட்டி. சமவெளியில் கிழங்கு குறையும் மாதங்களில் அவர்கள் கிழங்கு இறங்கி, எல்லை நகரமான ஃபுன்ட்ஷோலிங் ஏல மையத்தில் இந்திய வியாபாரிகள் கையில் சேரும். பருவம் மோதாததால் பெரிய சண்டை இல்லை. பாக்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை; 2022-ல் பூட்டானிலிருந்து ஆண்டுக்கு 17,000 டன் பச்சைப் பாக்கை விலை வரம்பின்றி அனுமதித்தபோது கர்நாடக மலநாட்டுப் பாக்கு விவசாயிகள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

● 2019 நவம்பர் 4, பாங்காக். ஆசியாவின் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. ஒரு முக்கியக் காரணம் நியூசிலாந்துப் பால் பவுடர். ஓரிரு மாடு வைத்துப் பால் சொசைட்டியில் ஊற்றும் குடும்பங்களின் கணக்கு, இந்திய வர்த்தகப் பேச்சில் இவ்வளவு வெளிப்படையாக எடை போட்டது அபூர்வம்.

● கடைசியாக ஒரு வேலை. இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் முழு வாசகம் வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. முதல் பக்கத்து நட்புரையைத் தாண்டி, பின்னிணைப்பில் வரி அட்டவணைக்குப் போங்கள். அங்கே பயிரின் பெயரைத் தேடுவதைவிட எண்ணைத் தேடுவது சுலபம்: உருளைக்கிழங்கு 0701, வெங்காயமும் பூண்டும் 0703, தேங்காய் 0801, தேயிலை 0902, மிளகும் மிளகாய் வற்றலும் 0904, மஞ்சளும் இஞ்சியும் 0910, மக்காச்சோளம் 1005, அரிசி 1006. உங்கள் ஊர்ப் பயிர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எந்த ஆண்டில் வரி பூஜ்யமாகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது கேட்க அது உதவும்.